தலைகீழாக ஓடிய நான்கு விநாடி

சிரில் லெக்கானு என்பவன் சாப்பிடுவதை யானிக் இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறான். இன்றுவரை அது அவனுக்குப் பழகவில்லை. பன்றிக் குடலுக்குள் பன்றிக் குடலையே திணித்துச் செய்கிற ஒரு பண்டத்தை சிரில் ஒலிக்கலவை மேசையின் மேலேயே வைத்துப் பிரிப்பான். விரலால் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, அதே விரலால் குமிழைத் திருகுவான். அறை முழுக்க மாட்டுத் தொழுவ வாடை அடிக்கும். "நல்லா இருக்கு, ஒரு வாய் பாரேன்" என்று வேறு நீட்டுவான். யானிக் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துவந்து குமிழ்களை ஒவ்வொன்றாகத் துடைப்பான். துடைத்து முடிப்பதற்குள் அடுத்த கவளம் இறங்கியிருக்கும்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்தால்தான் 'மினுத்ரி' இசைக்குழு. பிரான்சின் ரூவான் நகரத்தில் பழைய அடுக்குமாடி ஒன்றின் படிக்கட்டில் உட்கார்ந்து, கடன் வாங்கிய ஒரு டிரம் இயந்திரத்தையும் ஓட்டை ஸ்பீக்கரையும் வைத்து ஆரம்பித்தார்கள். அந்தப் படிக்கட்டு விளக்கு இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும். யாராவது எழுந்துபோய் விசையை அமுக்க வேண்டும். அந்த விசையின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். முதல் இசைத்தட்டு வந்தபோது பாரிஸ்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். இரண்டாவது வந்தபோது அதே பாரிஸ்காரர்கள் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள். பெர்லின், ஒசாகா, மெக்சிகோ என்று ஊர் ஊராக ஆட்டம் போட்டார்கள். மூன்றாவது தட்டு மண்ணைக் கவ்வியது. அதன்பிறகு ஒன்பது வருஷம் மூச்சுப் பேச்சில்லை.

அவர்களுடைய சத்தத்தைக் கேட்டால் இன்னார் என்று யாருக்கும் தெரிந்துவிடும். பெரிய டிரம் ஒவ்வொரு முறை விழும்போதும் மற்ற ஒலிகள் எல்லாம் பதுங்கிக்கொள்ளும். அடுத்த கணம் பொங்கிக்கொண்டு எழும். கேட்பவனுடைய நெஞ்சும் கூடவே ஏறி இறங்கும். அந்தப் பொங்கலுக்குள் எப்போதும் ஏதோ ஒரு விசித்திரமான குரல் இருக்கும். பறவையா, இயந்திரமா, கதவா என்று சொல்ல முடியாத ஒன்று. அதைக் கொண்டுவருபவன் சிரில். சமைப்பவன் யானிக்.

சிரில் ஒரு பொறுக்கி. திட்டவில்லை, அதுதான் அவன் தொழில். சட்டைப் பையில் சின்ன ரெக்கார்டர் ஒன்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். முதல் தட்டில் எக்காளம் போல ஒரு சத்தம் வருமே, ஊரே சேர்ந்து பாடியதே, அதை எங்கே எடுத்தான் என்று யானிக்குக்கே தெரியாமல் இருந்தது. ஒரு நாள் வானொலிப் பேட்டியில் சிரில் பல்லை இளித்துக்கொண்டு சொன்னான்: "எங்க மாமா பண்ணையில பன்னிய அறுத்தாங்க. கழுத்துல கத்தி இறங்கறப்ப எடுத்தது." யானிக் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே ஓடி, அந்த வானொலி நிலையத்தின் கை கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தான். அந்தப் பாட்டை அவன் நானூறு முறை கேட்டிருந்தான், முத்தம் கொடுக்காத குறை.

அன்றைக்கு யானிக் ஒரு சட்டம் போட்டான். எந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று சிரில் சொல்லக் கூடாது. யானிக் கேட்கவும் மாட்டான். ஒலிக்கு எண் மட்டும்தான் உண்டு. கேட்டவுடனே அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக சிரில் எல்லாவற்றையும் பின்னிருந்து முன்னாகத் தலைகீழாக்கித்தான் கொடுப்பான். யானிக் அதைத் திருப்பிப் பார்க்க மாட்டான். இது எழுதாத ஒப்பந்தம். எழுதிய ஒப்பந்தங்களை எல்லாம் மீறியிருக்கிறார்கள், இதை மட்டும் மீறியதில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் போன வருஷம் இலையுதிர் காலத்தில் வந்தது. நான்கே விநாடி. அடியிலிருந்து எதையோ உறிஞ்சி இழுத்து, மேலே போகப்போக நடுங்கி, சட்டென்று அறுந்துபோகிற ஒலி. யானிக் முதல் முறை கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். ஒன்பது வருஷமாக அவன் தேடியது அதுதான். ஆறு வாரம் அதோடு வாழ்ந்தான். சுருதியை இறக்கினான், இரட்டித்தான், டிரம்முக்கு அடியில் பதுங்க வைத்து எழுப்பினான். கடைசி நாள் பாட்டை முழுசாக ஓட்டியபோது அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டு இப்போது இரண்டு வாரமாக எல்லா வானொலியிலும் ஓடுகிறது. முழுத் தட்டும் அடுத்த மாதம் வருகிறது. இந்த ஒரு பாட்டு இல்லையென்றால் அந்தத் தட்டில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்பது யானிக்குக்கும் தெரியும், சிரிலுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை யானிக் தனியாக உட்கார்ந்து வரப்போகிற கச்சேரிக்காக ஒரு வேலை செய்துகொண்டிருந்தான். கடைசிப் பாட்டாக இதைப் போட்டு, முடிந்ததும் முழுப் பாட்டையும் பின்னோக்கி ஓட்டினால் என்ன என்று அவனுக்கு ஒரு யோசனை. கூட்டம் கிறங்கிப்போகும். பாட்டை மொத்தமாகத் தலைகீழாக்கி ஓடவிட்டான். மொத்தப் பாட்டும் தலைகீழானால், ஏற்கெனவே தலைகீழாக இருந்த ஒன்று மட்டும் நேராகிவிடும் என்று அவனுக்கு உறைக்கவில்லை. இருபத்தெட்டு வருஷ அனுபவம் இருந்து என்ன பயன்?

டிரம் பின்வாங்கியது. பொங்கல் அடங்கியது. நடுவே ஒரு பெண் பேசினாள்.

குரல் கட்டையாக இருந்தது, அவன் சுருதியை இறக்கியிருந்ததால். அந்தத் தடத்தை மட்டும் பிரித்து, சுருதியைப் பழையபடி ஏற்றினான். கை தானாகச் செய்தது.

"கண்ணாடி... கண்ணாடி இல்லாம அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது..."

அவனுடைய அக்கா ஜோஸியன். வார்த்தையை முடிக்க முடியாமல் மூச்சு உள்ளே இழுபட்டு, கேவலாக உடைகிறது. அந்த உடைவுதான் தலைகீழாக ஓடி, ஊரையெல்லாம் ஆட வைத்துக்கொண்டிருக்கிறது.

இடமும் அவனுக்குத் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அம்மாவின் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தாரைக் கடைசியாக ஒருமுறை உள்ளே கூப்பிட்டார்கள். யானிக் வாகனம் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பிணத்தைப் பார்க்க அவனால் முடியாது, அந்த மருந்து வாடையும் ஆகாது. "நீ போயேன்டா, எனக்குப் பதிலா" என்று சிரிலை அனுப்பினான். சிரில் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு போனான். பையில் ரெக்கார்டர் இருந்தது.

யானிக் குளியலறைக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினான். திரும்பி வந்து நாற்காலியைப் பார்த்ததும் மறுபடி போய்க் கழுவினான். ஆறு வாரம்! அக்காவின் கேவலை எடுத்து, இங்கே கொஞ்சம் நறுக்கி, அங்கே கொஞ்சம் இழுத்து, இந்த இடம் இன்னும் கொஞ்சம் நடுங்கினால் தேவலை என்று சொல்லிக்கொண்டு ஆறு வாரம். தன் தோலே தனக்குப் பிடிக்காமல் போயிற்று.

மதியம் சிரில் வழக்கம்போலப் பொட்டலத்தோடு வந்தான். யானிக் அந்த நான்கு விநாடியை நேராக ஓட்டிக் காட்டினான்.

சிரில் பொட்டலத்தைப் பிரிக்கிற கையை நிறுத்தவில்லை. "திருப்பிப் பாத்துட்டியா?"

"யாரு குரல் இது?"

"எங்கிருந்துன்னு கேக்கக் கூடாது. உன் சட்டம்."

"சட்டத்தைத் தூக்கி உடப்புல போடு. செத்தது எங்கம்மாடா. உனக்கு எத்தனை நாள் சூப்பு ஊத்தியிருக்கா. அவ பொணத்துப் பக்கத்துல நின்னு ரெக்கார்ட் பண்ணியிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?"

"நான் பட்டன் எதையும் அமுக்கல. அது எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கும், உனக்குத் தெரியாதா? நிறுத்த மறந்துட்டேன், அவ்வளவுதான்."

"நிறுத்த மறந்த. சரி. வீட்டுக்கு வந்து கேக்கவும் மறந்துட்டியா? வெட்டி எடுக்க மறந்துட்டியா? எண் போட்டு எங்கிட்டக் குடுத்தியே!"

சிரில் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றான். "நல்லா இருந்துச்சு" என்றான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொல்கிறான், பாவி.

"நீயும்தான் சொன்ன" என்றான் சிரில். "நீ எந்திரிச்சு நின்ன. அழுத. ஒன்பது வருஷத்துல நீ ஒரு சத்தத்துக்கு அழுது நான் பாக்கல. நான் எப்படிச் சொல்றது?"

"த்தூ. வாயைத் துடைச்சிட்டுப் பேசு."

சிரிலுக்கு அப்போதுதான் முகம் சிவந்தது. "பாரு, இப்பக்கூட மூஞ்சியச் சுளிக்கிற. இத்தனை வருஷமா குப்பையில கைய விடறது நானு. கையுறை போட்டுக்கிட்டு வாங்கிக்கிறது நீ. அதுல உனக்கு மட்டும் பேரு, கலைஞன்னு." பையைத் துழாவி, எண்ணெய் விரலோடு ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் எறிந்தான். "அன்னிக்கு ஓடினது முழுசா இதுல இருக்கு. பதினோரு நிமிஷம். கேட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டு."

யானிக் அதைக் காகிதக் கைக்குட்டையால் பிடித்து எடுத்தான். கேட்கவில்லை. கேட்கிற உத்தேசமும் இல்லை.

இசைத்தட்டு நிறுவனத்தில் இவர்களைக் கவனித்துக்கொள்ளும் வலெரியைத் தொலைபேசியில் பிடித்தான். பாட்டை உடனே எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும் என்றான். வலெரி முதலில் சிரித்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னான்.

"கேக்கவே கூசுது, யானிக். ஆனா நீங்க ஒருத்தர் சொல்லி நிறுத்த முடியாது. பாட்டுல பாதி சிரிலோடது, அவர் ஒத்துக்கணும்."

"அவன் ஒத்துக்க மாட்டான்."

"அப்போ உங்க அக்கா சொல்லணும். குரல் அவங்களோடது. அவங்க ஒரு வார்த்தை வேணாம்னு சொன்னா, இன்னிக்கே நிறுத்திடறோம். நாளைக்கு விட்டா தட்டு அச்சுக்குப் போயிடும்."

அப்படியானால் ஜோஸியனிடம் போய்ச் சொல்ல வேண்டும். காரில் போகும்போது யானிக்குக்குள் ஒரு சின்னக் குரல் கேட்டது: சொல்லாமலே விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? தலைகீழாகத்தானே இருக்கிறது? பாட்டு நல்ல பாட்டு. ஒன்பது வருஷம்! அந்தக் குரல் சிரிலுடையது மாதிரியே இருந்தது, ஆனால் சிரில் பக்கத்தில் இல்லை. யானிக் கார் ஜன்னலை இறக்கி மழையில் எச்சில் துப்பினான். தன்னைப் போல ஒரு அற்பப் புழு இருக்க முடியாது என்று தோன்றியது. ஆனாலும் எல்பெஃப் ஊர் வரும்வரை அந்தக் குரல் ஓயவில்லை.

ஜோஸியன் அங்கே முப்பது வருஷமாக முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். வருவதெல்லாம் கிழவிகள். யானிக் உள்ளே நுழைந்தபோது கடைசி வாடிக்கைக்காரி போய்விட்டிருந்தாள். தரையெல்லாம் நரைமுடி. ஈர முடியும் சாயமும் கலந்த வாடை. யானிக் முடியை மிதிக்காமல் கால் வைக்க இடம் தேடினான்.

"வாடா பெரிய மனுஷா" என்று துடைப்பத்தோடு நிமிர்ந்தாள் அக்கா. "மிதிச்சா ஒட்டிக்காது, வா. உன் பாட்டு ரேடியோவுல வந்துச்சு, தெரியுமா? உங்க பாட்டு எனக்கு எப்பவுமே தலைவலிதான், ஒளிக்காம சொல்றேன். இது அப்படி இல்ல. மதாம் கெரோவுக்கு முடி சுருட்டிக்கிட்டு இருக்கேன், என் கால் பாட்டுக்குத் தாளம் போடுது. அந்தம்மா சிரிக்குது, ஏன்டி, தொண்ணூறு வயசுக்காரி தலையில சூடு வச்சிடாதடீங்குது."

யானிக்குக்கு வாயெல்லாம் கசந்தது. "அக்கா, உக்காரு" என்றான்.

தலை அலசுகிற நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அவன் நின்றபடியே சொன்னான். சிரிலின் பை, ரெக்கார்டர், பென் டிரைவில் இருக்கிற முழுப் பதிவு, நான்கு விநாடி, தலைகீழ். தன் ஆறு வாரத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கிச் சொன்னான். சிரிலை வைத வார்த்தைகளைச் சுருக்கவில்லை.

ஜோஸியன் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள்.

"என் அழுகைக்கு என் காலே ஆடியிருக்கு" என்றாள். பிறகு கைக்கு எட்டிய துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள், எதையோ தின்றுவிட்டவள் போல. "சீ. என்ன பொழப்புடா உங்களது? ரெண்டு பேரும் என்ன பொழப்பு பொழைக்கிறீங்க?"

"ரெண்டு பேருமா? நான் தெரியாம..."

"முழுசும் இருக்குன்னியே, அதைக் குடு."

"வேணாம்க்கா. எதுக்கு அதைப் போய்..."

"குடுடா."

அவன் மடிக்கணினியைத் திறந்து, பென் டிரைவைச் செருகி, ஹெட்போனை நீட்டினான். அவள் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். பதினோரு நிமிஷம் யானிக் நின்றான். அவள் முகம் கோணுவதையும் உதடு நடுங்குவதையும் பார்த்தான். அந்த நான்கு விநாடிக்குள் உதடு எங்கே நடுங்கும் என்று அவனுக்குத் தெரியும், அவ்வளவு மனப்பாடம். அப்படித் தெரிந்திருப்பதே அவனுக்குக் குமட்டலாக இருந்தது. ஓரிடத்தில் அக்கா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

ஹெட்போனைக் கழற்றியதும் அவள் சொன்னது அவன் எதிர்பார்த்ததே இல்லை.

"கண்ணாடி போட்டுத்தான் அனுப்பியிருக்கோம்" என்றாள். "அன்னிக்கு எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லடா. போட்டாங்களா, இல்ல அப்படியே மூடிட்டாங்களான்னு ரெண்டு வருஷமா மண்டைய உடைச்சிக்கிட்டு இருந்தேன். சிரில்தான் போட்டு விட்டிருக்கான். பெட்டி மூட வந்த மனுஷங்க தொடக்கூடாதுன்னு தயங்கறாங்க, இவன் 'நகருங்க, நான் போடறேன்'ங்கறான். அம்மா மூக்கு சில்லுனு இருக்குன்னு அவனே சொல்லிக்கறான்."

"அதுக்காக அவன் பண்ணதைச் சரின்னு சொல்றியா?"

"யாரு சொன்னா? அசிங்கம். அவன் கண்ணுல பட்டா கன்னத்துல ஒண்ணு வைப்பேன். வச்சிட்டு, உள்ள கூப்பிட்டுக் காப்பியும் போட்டுக் குடுப்பேன்." அவள் எழுந்து மூக்கைச் சிந்தினாள். "பாட்டு வேணாம். எடுத்துடச் சொல்லு. என் அழுகைக்கு எவனும் ஆட வேணாம். யாருக்குச் சொல்லணும்? போட்டுக் குடு, நானே சொல்றேன்."

யானிக் வலெரிக்குப் போன் போட்டுக் கொடுத்தான். ஜோஸியன் முழுப்பெயரைச் சொல்லி, வேண்டாம் என்ற ஒரே வார்த்தையை இரண்டு தடவை சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். முடிந்தது. தட்டு போயிற்று, கச்சேரி போயிற்று, ஒன்பது வருஷமும் போயிற்று. யானிக்குக்கு நெஞ்சில் அடி விழுந்த மாதிரிதான் இருந்தது. அதை மறைத்துக்கொண்டு, நல்ல தம்பியாக நிமிர்ந்து நின்றான்.

"இனிமே அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்க்கா. அந்தக் கேடுகெட்டவன்கூட ஒரே அறையில எப்படித்தான் இத்தனை வருஷம் இருந்தேனோ."

அக்கா துடைப்பத்தை எடுக்கப் போனவள் நின்றாள்.

"நீ எவ்வளவு கேட்ட?"

"நாலு விநாடி. பாட்டுல இருந்தது."

"மிச்சம்?"

"கேக்கல. என்னால முடியாது. நினைச்சாலே ஒரு மாதிரி..."

அவள் கணினியில் பதிவின் கடைசிப் பகுதியைத் தேடிப் பிடித்தாள். ஹெட்போனை எடுத்து அவன் தலையில் மாட்டி, இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். முப்பது வருஷம் பிறத்தியார் தலையைப் பிடித்துப் பழகிய கை. அசைக்க முடியவில்லை. அவள் விரலில் ஒட்டியிருந்த யாரோ ஒருத்தியின் நரைமுடி அவன் கன்னத்தில் உரசியது.

காலணிச் சத்தம். யாரோ செருமினார்கள். சிரிலின் சட்டைத் துணி ரெக்கார்டரில் உரசுகிறது. அப்புறம் பெட்டியை மூட வந்த ஆளின் பதமான குரல்.

"இன்னும் யாராவது பாக்கணுமாம்மா? பையன் ஒருத்தர் இருக்கார்னு சொன்னாங்களே, அவருக்காகக் காத்திருக்கட்டுமா?"

ஜோஸியனின் குரல், அழுது ஓய்ந்த பிறகு. கோபமே இல்லாமல், சாதாரணமாக, வீட்டு விஷயம் சொல்கிற மாதிரி.

"வெளியில கார்ல இருக்கான். வரமாட்டான். அவனுக்கு இதெல்லாம் அருவருப்பு. அம்மாவுக்கும் தெரியும். நீங்க மூடிடுங்க."

பிறகு திருகாணி முடுக்குகிற சத்தம் கேட்டது. மொத்தம் ஆறு. ஆறாவது முடிகிறவரைக்கும் அக்கா கையை எடுக்கவில்லை.